650ஆ, 300ஆ? மண்ணுக்கும் தாருக்கும் ஒரே வண்டி

கேள்வி – 2025 ஜனவரி 11

"இரண்டு மாதமாக ஸ்பெக் ஷீட் பார்த்தே கண் பூத்துவிட்டது. என் வழி இப்படி: 150 கிலோமீட்டர் தார் ரோடு, அப்புறம் 60 கிலோமீட்டர் மண்பாதை, திரும்ப அதே தார். உயரம் 168 செ.மீ., எடை 70 கிலோ. இரண்டு வண்டி நிறுத்த இடமில்லை. டூயல் ஸ்போர்ட்டில், அதாவது மண்ணிலும் தாரிலும் ஓடும் பைக்கில், 650 சிசி எடுத்தால் எல்லாவற்றுக்கும் போதும், 300 நெடுஞ்சாலையில் திணறும் என்கிறார்கள். இரண்டையும் ஓட்டியவர்கள் யாராவது சொல்லுங்கள்."

ஜனவரி 11, இரவு

இரண்டும் என்னிடம் இருக்கின்றன. 300 எடுங்கள். முடிந்தது.

ஜனவரி 12

காரணம் சொல்லாமல் தீர்ப்பு மட்டுமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். காரணம் எடை.

மண்பாதையில் வண்டி விழும். நன்றாக ஓட்டுகிறவருக்கும் விழும். விழுந்ததைத் தனியாளாக எத்தனை முறை தூக்க முடியும் என்பதுதான் கணக்கு. முதல் முறை யாரும் தூக்கிவிடலாம், பாதி பாரத்தை ஆத்திரமே தூக்கிக்கொள்ளும். மூன்றாவது முறைதான் வண்டியின் எடை தெரியும். போன மழைக்குப் பிறகு ஒரு வழுக்குச் சரிவில் என் 650 அரை மணி நேரத்தில் மூன்று முறை படுத்தது. மூன்றாவது முறை நான் தூக்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தூக்கும் முறை தெரியாதவர்களுக்கு: சரிவில் விழுந்திருந்தால், படுத்த வாக்கிலேயே வண்டியைச் சுழற்றி, சக்கரங்கள் பள்ளத்துப் பக்கம் வரும்படி வையுங்கள். கியரில் போடுங்கள், இல்லாவிட்டால் நிமிரும்போதே உருண்டு ஓடும். வலப்பக்கம் விழுந்தது என்றால் சைடு ஸ்டாண்டை முன்கூட்டியே தட்டி விடுங்கள். ஹேண்டிலை முழுக்கத் திருப்பி, முதுகை வண்டிக்குக் கொடுத்து, காலால் உந்தி எழுங்கள். இடுப்பால் இழுத்தால் அடுத்த வாரம் ஓட்ட வேண்டியிருக்காது.

என் வண்டிகள் என்ன கம்பெனி என்று கேட்பவர்களுக்கு: சொல்ல மாட்டேன். சொன்னால் இது கம்பெனிச் சண்டையாகிவிடும். "பெரியது", "சின்னது" போதும்.

ஜனவரி 14

மேலே எழுதியதில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. 650 என்றாலே கனம், சிசி குறைந்தால் எடை குறையும் என்பதுபோல் எழுதிவிட்டேன். அப்படி இல்லை.

ஹோண்டா எக்ஸ்ஆர்650எல் பெட்ரோலோடு 157 கிலோ. 1993 முதல் அதிகம் மாறாத வண்டி. ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 கிட்டத்தட்ட அதே எடை, சிசியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சுசுகி டிஆர்650 166 கிலோ. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 கிட்டத்தட்ட 199 கிலோ. அதாவது 411 சிசி வண்டி 650ஐ விட முப்பது, நாற்பது கிலோ கூடுதல். கவாசாகி கேஎல்ஆர்650 200ஐத் தாண்டும், ஆனால் அதற்கு 23 லிட்டர் டேங்கும் காற்றுத் தடுப்பும் இருக்கிறது, அதன் வேலையே வேறு.

ஆக, சிசியைப் பார்க்காதீர்கள், பெட்ரோல் நிரப்பிய எடையைப் பாருங்கள். விளம்பரத்தில் "உலர் எடை" போட்டிருந்தால் பெட்ரோல், ஆயில், சில சமயம் பேட்டரிகூட அதில் சேராது. பெட்ரோல் மட்டும் லிட்டருக்கு முக்கால் கிலோ.

எடை எங்கே இருக்கிறது என்பதும் உண்டு. கேடிஎம் 690 எண்டியூரோவில் டேங்க் சீட்டுக்கு அடியில், பின் சட்டமாகவே இருக்கிறது. கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், அப்புறம் மார்போடு அணைத்துப் பிடித்துப் பாருங்கள். மண்ணில் வண்டியும் அப்படித்தான்.

ஜனவரி 15

உயரம் 168 என்றார், அதை விட்டுவிட்டேன்.

சீட் உயரம்: எக்ஸ்ஆர்650எல் 940 மி.மீ., யமஹா டபிள்யூஆர்250ஆர் 930, டிஆர்650 885, ஹோண்டா சிஆர்எஃப்300எல் 880, ஹிமாலயன் 411 800, யமஹா டிடபிள்யூ200 790. ஆனால் இந்த எண்கள் ஆள் ஏறாத வண்டிக்கு. ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கும், மெல்லிய ஸ்பிரிங் என்றால் நிறையவே அமுங்கும். சீட் அகலமும் சேரும்: ஒல்லியான 900, அகலமான 850ஐ விடக் காலுக்கு அருகில் இருக்கலாம்.

இரண்டு காலும் தரையில் படவேண்டும் என்ற ஆசையை விடுங்கள். ஒரு புட்டத்தை நகர்த்தி ஒரு காலை முழுதாக ஊன்றினால் போதும். எந்தப் பக்கம் மேடு என்று பார்த்து அந்தக் காலை வைக்கப் பழகவேண்டும், பள்ளத்துப் பக்கம் காலை நீட்டினால் தரை வராது. நான் பழகிய விதம் இதுதான், ஐந்தாறு முறை விழுந்து.

அதற்கு முன்னால் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். பெரியதின் பின் ஸ்பிரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் துண்டை (லிங்க்) மாற்றி 30 மி.மீ. இறக்கினேன். ஆகா, இரண்டு காலும் தரையில். சைடு ஸ்டாண்டின் நீளம் மட்டும் பழையபடியே இருந்தது. வண்டி கிட்டத்தட்ட நேராக நின்றது. லேசாகக் காற்று அடித்தது. மறுபக்கம் போய்ப் படுத்துவிட்டது. கிளம்பவே இல்லை, ஹெல்மெட்கூடப் போடவில்லை, கிளட்ச் லீவர் போயிற்று. (திருத்தம்: பிரேக் லீவர். மறுபக்கம் என்றால் வலது.)

ஜனவரி 19

வாதம் வேண்டாம், அளந்துவிடலாம் என்று இன்று இரண்டையும் கொண்டுபோய் ஒரே பாதையில் ஓட்டினேன். 14 கிலோமீட்டர்: முதலில் சரளை, நடுவில் சுமார் மூன்று கிலோமீட்டர் மணல், கடைசியில் வேரும் கல்லுமாக ஒரு ஏற்றம்.

பெரியது 34 நிமிடம். சின்னது 29.

ஐந்து நிமிடம் என்பது சின்ன விஷயமில்லை. சரளையில் பெரியதின் முன் சக்கரம் எங்கே போகிறது என்றே தெரியவில்லை, ஒவ்வொரு வளைவிலும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். மணலில் முன்பக்கம் உழுதுகொண்டே போனது. சின்னது அதே வளைவில் விளையாடிக்கொண்டு போகிறது. நான் சொன்னது நிரூபணமாகிவிட்டது.

ஜனவரி 20

ஒருவர் கேட்டார்: "இரண்டிலும் என்ன டயர்?"

நாளைக்குப் பதில் சொல்கிறேன்.

ஜனவரி 21

சரி. பெரியதில் இருப்பது தாருக்கென்றே செய்த டயர், பாதி தேய்ந்தது. காற்று 30 பி.எஸ்.ஐ., ஏனென்றால் நெடுஞ்சாலையில் போய்விட்டு வந்து அப்படியே இறக்கினேன். சின்னதில் புது பட்டன் டயர் (மண்ணைக் கவ்வ முண்டு முண்டாக இருப்பது), 18 பி.எஸ்.ஐ.

நான் ஒப்பிட்டது வண்டிகளை இல்லை, டயர்களை. இதைக்கூட யோசிக்காமல் "நிரூபணம்" என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியை அழிக்கப்போவதில்லை, கிடக்கட்டும்.

இன்னொன்றும் இருக்கிறது, யாரும் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: முதலில் பெரியதை ஓட்டினேன், இரண்டாவதாகச் சின்னதை. இரண்டாம் முறை போகும்போது பாதை எனக்குத் தெரியும், எந்தக் கல் எங்கே என்பது உட்பட.

ஜனவரி 26

பெரியதுக்கும் பட்டன் டயர் போட்டேன். எளிதாகச் சொல்லிவிட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம்.

பின் டயர்தான் எமன். டயர் லீவரை ஆழமாக விட்டு இழுத்ததில் புது டியூபைக் கடித்துவிட்டேன். ஒட்டி, திரும்பப் போட்டு, காற்றடித்தால் இன்னொரு இடத்தில் கடி. தப்பு எங்கே என்று அப்புறம்தான் புரிந்தது. லீவர் இருக்கும் இடத்துக்கு நேர் எதிரே டயரின் விளிம்பு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கியிருக்க வேண்டும். முட்டியால் அங்கே அழுத்திப் பிடித்தால் இந்தப் பக்கம் தளர்ந்து வரும், பலமே வேண்டாம். பலம் போடுகிறீர்கள் என்றால் எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இல்லை என்று அர்த்தம். டியூபில் உருவம் வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்று ஊதி வைத்தால் மடியாது. சோப்புத் தண்ணீரில் கஞ்சத்தனம் கூடாது.

ஸ்போக் வீல் ஏன், அலாய் போட்டு டியூப்லெஸ் ஆக்கினால் என்ன என்று கேட்பீர்கள். கல்லில் மோதினால் ஸ்போக் ரிம் வளையும், தட்டி எடுத்துக்கொண்டு வீடு சேரலாம். வார்ப்பு அலாய் உடைந்தால் உடைந்ததுதான்.

பிப்ரவரி 2

திரும்ப ஓட்டினேன். இரண்டிலும் பட்டன் டயர், இரண்டிலும் 18. இந்த முறை சின்னது முதலில், பெரியது இரண்டாவது.

சின்னது 29. பெரியது 30.

ஐந்து நிமிடத்தில் நான்கு நிமிடத்தை டயரும் வரிசையும் தின்றுவிட்டன. சரளையில் பெரியது இப்போது சொன்ன பேச்சு கேட்கிறது. மணலில் எழுந்து நின்று, எடையைக் கொஞ்சம் பின்னால் போட்டு, ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்தால், சின்னதை விட நேராகவே போகிறது. 650இன் முறுக்குவிசை மணலில் வரம். சின்னதில் கியரை இறக்கிக்கொண்டே இருக்கவேண்டும், நடுவில் ஒருமுறை தவறினால் நின்றுவிடும்.

ஜனவரி 11இல் எழுதிய "முடிந்தது" முடியவில்லை போலிருக்கிறது.

18 பி.எஸ்.ஐ. எல்லோருக்கும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். கூர்மையான கல் நிறைந்த பாதையில் இவ்வளவு குறைத்தால் டயர் அமுங்கி, ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கும். பாம்பு கடித்த மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அங்கே 22, 24 வையுங்கள். தாருக்கு ஏறும் முன் மறுபடி அடித்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பம்ப் எப்போதும் பையில் இருக்கட்டும்.

பிப்ரவரி 3

கடைசி ஏற்றத்தில் மட்டும் பெரியது திணறியது. ஏன் என்று கேட்டிருந்தார்கள். முதல் கியர் நீளம். நடை வேகத்துக்கு இறங்கினால் எஞ்சின் முட்டுகிறது, கிளட்ச்சைப் பாதி பிடித்துக்கொண்டே ஏறவேண்டும், விரல் செத்துவிடும்.

மருந்து எளிது: முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல் சக்கரம்) ஒரு பல் குறைப்பது. டிஆர்650இன் கணக்கைப் பாருங்கள்: முன் 15, பின் 42, விகிதம் 2.8. முன்னால் 14 போட்டால் 3.0. பின்னால் 45 போட்டாலும் அதே 3.0. முன்னால் ஒரு பல் என்பது பின்னால் மூன்று பல். முன்பக்கம் சின்ன உருப்படி, செயின் நீளத்தைத் தொட வேண்டாம். ஆனால் ரொம்பச் சின்னதாகப் போனால் செயின் சிறிய வட்டத்தில் மடிந்து சீக்கிரம் தேயும், ஸ்விங் ஆர்ம் மேல் உள்ள ரப்பரையும் அறுக்கும். ஒரு பல்லோடு நிறுத்துங்கள்.

நெடுஞ்சாலையில் அதே வேகத்துக்கு எஞ்சின் ஏழு சதவீதம் கூடுதலாகச் சுற்றும். 650க்கு அது வலிக்காது.

பிப்ரவரி 9

தார் ரோட்டுப் பங்கை எல்லோரும் மறந்துவிட்டோம். கேட்டவர் போகும் 360 கிலோமீட்டரில் 300 தார்.

இன்று சின்னதில் அந்தத் தூரம் போய் வந்தேன். 90இல் பாட்டுப் பாடுகிறது. 100இல் பேசுகிறது. 110இல் கத்துகிறது. எதிர்க்காற்றும் ஏற்றமும் சேர்ந்தால் ஆறாவது கியரை மறந்துவிட வேண்டியதுதான். முந்துவதற்கு முன்கூட்டியே திட்டம் போடவேண்டும், 650இல் கையைத் திருகினால் போதும். ஆனால் "300 நெடுஞ்சாலையில் திணறும்" என்பது மிகை. திணறியது என் பின்பக்கம்தான். இந்த வகை சீட் நின்று ஓட்டுபவருக்காகச் செய்தது, ஒரு பலகை மாதிரி. இரண்டு வண்டியிலும் அதே பலகை.

எரிபொருள்: சிஆர்எஃப்300எல் டேங்க் 7.8 லிட்டர். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்தால் 234. டிஆர்650 13 லிட்டர், லிட்டருக்கு 20 என்றால் 260. பெரிய டேங்க் என்று பெருமைப்பட்டதெல்லாம் 26 கிலோமீட்டர்தான். எதை எடுத்தாலும் வழியில் ஒருமுறை நிரப்பவேண்டும். அதே 300இன் ராலி வடிவத்தில் 12.8 லிட்டர், அது ஒருவேளை நிரப்பாமலே போய் வரும்.

உயரமான மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: ஆயிரம் மீட்டர் ஏறினால் எந்த எஞ்சினும் ஏறக்குறைய பத்து சதவீதம் சக்தியை இழக்கும். இன்ஜெக்ஷன் பெட்ரோலைச் சரியாக அளந்து கொடுக்கும், கார்புரேட்டர் போலப் புகைக்காது. காற்றை அதனாலும் உண்டாக்க முடியாது.

பிப்ரவரி 10

"பெரிய வண்டி இல்லாமல் தூரம் போக முடியாது" என்று ஒருவர் அடம்பிடிக்கிறார். பிரான்ஸிலிருந்து ஆப்பிரிக்காவின் டாக்கர் வரை போகும் முதல் பாரிஸ்–டாக்கர் பந்தயம் 1978 டிசம்பர் 26இல் கிளம்பியது. ஜெயித்தவர் சிரில் நெவ்யூ, வண்டி யமஹா எக்ஸ்டி500. காற்றால் குளிரும் ஒற்றை சிலிண்டர், கிக்கர்தான் உண்டு. 1968இல் யமஹா விட்ட டிடி-1 வெறும் 250 சிசி டூ ஸ்ட்ரோக், மண்ணுக்கும் தாருக்கும் ஒரே வண்டி என்ற ஆசையை அமெரிக்காவில் பரவலாக்கியதே அது.

தூரம் போகிறவர் போவார். பேச்சு எங்கேயோ போகிறது, திரும்புகிறேன்.

பிப்ரவரி 16

ஜனவரி 19, பிப்ரவரி 2 இரண்டு ஓட்டத்திலும் இன்னொரு ஓட்டை. சின்னதின் சஸ்பென்ஷனை என் எடைக்குச் சரி செய்திருந்தேன். பெரியதை வாங்கிய நாளிலிருந்து தொடவே இல்லை.

இன்று அளந்தேன். பின் சக்கரத்தைத் தூக்கி, அச்சிலிருந்து மேலே ஒரு புள்ளி வரை ஓர் அளவு. அப்புறம் ஜாக்கெட், பூட்ஸ், பை எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி நின்று இன்னோர் அளவு. வித்தியாசம் மொத்த அசைவில் மூன்றில் ஒரு பங்கு இருக்கவேண்டும், 250 மி.மீ. அசைவு என்றால் சுமார் 80 மி.மீ. எனக்கு 112 வந்தது. பின்னால் அமுங்கி முன்னால் தூக்கிக்கொண்டு, முன் சக்கரத்தில் எடையே இல்லாமல் ஓடியிருக்கிறது. சரளையில் முன் சக்கரம் தெரியவில்லை என்று புலம்பியது நினைவிருக்கும்.

ப்ரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் திருகு) முறுக்கி 80க்குக் கொண்டுவந்தேன். ஆனால் இப்போது ஆள் இல்லாமல் வண்டி தன் எடைக்கே அமுங்கவில்லை, 10 மி.மீ. கூட இல்லை. அப்படியென்றால் ஸ்பிரிங்கே மெல்லியது, முறுக்கி ஏமாற்றியிருக்கிறேன். கனமான ஸ்பிரிங் வேண்டும்.

அளக்க ஒருவர் கூட இருக்கவேண்டும். தனியாக அளக்க முயன்றவர் நான். அளவு நாடாவின் மேலேயே விழுந்தேன்.

பிப்ரவரி 23

நிமிடக் கணக்கை எல்லாம் விட்டுவிட்டு, போன இரண்டு வாரமும் மாற்றி மாற்றி சும்மா சுற்றினேன். ஒன்றைக் கவனித்தேன்.

பெரியதில் போகும்போது ஒரு கிளைப்பாதை வந்தால் நின்று பார்க்கிறேன். உள்ளே குறுகலாக இருக்கிறது, சேறு தெரிகிறது, திருப்ப இடம் இருக்குமா தெரியவில்லை. வந்த பாதையிலேயே போய்விடுகிறேன். சின்னதில் போகும்போது நின்று பார்ப்பதே இல்லை. உள்ளே போய்விட்டு அப்புறம்தான் "இது எங்கே போகிறது" என்று யோசிக்கிறேன். வழி அடைத்திருந்தால் சைடு ஸ்டாண்டில் சாய்த்து, அதன் மேலேயே வண்டியைச் சுற்றித் திருப்பிக்கொண்டு வருகிறேன்.

தெரிந்த பாதையில் இரண்டுக்கும் ஒரு நிமிட வித்தியாசம்தான், ஸ்பிரிங்கும் சரியானால் அதுவும் இருக்காது. தெரியாத பாதையில்தான் விஷயம். பெரியதில் நான் எத்தனை கிளைப்பாதைகளை விட்டிருக்கிறேன் என்று எந்தக் கடிகாரமும் காட்டாது.

ஆகவே கேட்டவருக்கு என் கேள்வி: அந்த 60 கிலோமீட்டர் மண்பாதை தெரிந்த பாதையா? தினமும் அதே பாதை என்றால் 650 எடுங்கள், நல்ல டயர் போடுங்கள். அந்த 60இல் இருந்து வெளியே எட்டிப் பார்க்க ஆசை உண்டென்றால் ஜனவரி 11ஆம் தேதி சொன்னதுதான்.

பிப்ரவரி 24

"அப்படியானால் 125 எடுத்தால் இன்னும் நிறையக் கிளைப்பாதை போகலாமே" என்று கேட்டவருக்கு: போகலாம். அந்த 150 கிலோமீட்டர் தாரைத் தாண்டி அங்கே போய்ச் சேர்ந்தால்.

மார்ச் 2

கேட்டவர் முடிவெடுத்துவிட்டார். பழைய 250 ஒன்று. நான் சொன்ன 300ம் இல்லை, மற்றவர்கள் சொன்ன 650ம் இல்லை. நல்லது.

முதலில் எதற்குச் செலவு செய்யலாம் என்கிறார். ஹேண்ட் கார்டு, அலுமினியச் சட்டம் உள்ளதாக. பிளாஸ்டிக் மட்டும் உள்ளது குளிருக்குத்தான். எஞ்சினுக்கு அடியில் கல்லடி தாங்கும் தகடு, பாஷ் பிளேட். டயர். அவ்வளவுதான். சைலன்சர் வேண்டாம். லீவர்களின் போல்ட்டை முழு இறுக்கு இறுக்காதீர்கள், விழும்போது திரும்பிக்கொடுக்கட்டும், உடையாமல் பிழைக்கும்.

ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். பழைய வண்டி வாங்கியவர்கள் ஆயில் மாற்றுவார்கள், செயினுக்கு எண்ணெய் விடுவார்கள், அதைத் திறக்க மாட்டார்கள். தூசி உள்ளே போனால் பிஸ்டனும் சிலிண்டரும் உப்புத்தாள் போட்ட மாதிரி ஆகிவிடும்.

மார்ச் 9

புது சுசுகி டிஆர்-இசட்4எஸ் பற்றிக் கேட்கிறார்கள். நான் ஓட்டவில்லை. 2000இல் வந்த டிஆர்-இசட்400க்கு இன்ஜெக்ஷனும் ஏபிஎஸ்ஸும் கிடைத்திருக்கிறது. ஆறாவது கியர் மட்டும் இன்னும் வரவில்லை. கால் நூற்றாண்டு காத்திருந்தவர்கள் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம்.

ஏபிஎஸ் பேச்சு வந்ததால்: தளர்ந்த மண் இறக்கத்தில் பின் சக்கரத்துக்கு ஏபிஎஸ் இருந்தால் வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருப்பது போலத் தோன்றும், பூட்டிய சக்கரம் மண்ணைக் குவித்து நிறுத்துவதை அது தடுத்துவிடும். பின்னால் அணைக்க முடிகிறதா என்று வாங்கும் முன் பாருங்கள். தாருக்கு ஏறியதும் திரும்பப் போட மறக்காதீர்கள். நான் மறந்திருக்கிறேன்.

மார்ச் 15

பெரியதுக்குக் கனமான ஸ்பிரிங் வந்துவிட்டது. இன்னும் ஓட்டவில்லை.

250காரர் முதல் பஞ்சரைப் பார்த்துவிட்டார், பின் சக்கரம். கையில் இருந்தது 21 இன்ச் முன் டியூப் மட்டும். என்ன செய்வது என்று பாதையோரத்திலிருந்து கேட்டார். அதையே பின்னால் திணிக்கச் சொன்னேன். 18 இன்ச் சக்கரத்தில் 21 டியூப் கொஞ்சம் மடிந்து உட்காரும், மெதுவாக வீடு சேர்க்கும். தலைகீழாக நடக்காது, 18 டியூபை 21இல் இழுத்தால் கிழியும். அதனால்தான் ஒரே டியூப் எடுத்துப் போவதானால் முன் டியூபை எடுத்துப் போவது.

வீடு சேர்ந்துவிட்டாராம். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்டேன். பாதையோரத்தில், முதல் முறையாக, 50 நிமிடம்.

கடி?

இல்லையாம். ஜனவரி 26 குறிப்பைப் படித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.